வெளியூரார் தானத்தில் விளைந்த விதிஷா

வடநாட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் பழகிய ரயில் பாதை ஒன்று உண்டு. டில்லியிலிருந்து சென்னைக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் ஜான்சி, பீனா தாண்டி, போபாலை நெருங்கும் முன்னால், விதிஷா, சாஞ்சி என்ற இரண்டு ஸ்டேஷன்களைக் கடந்து போகும். அந்த நேரத்தில் நாம் பெரும்பாலும் போர்வைக்குள் இருப்போம். இல்லாவிட்டால் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்போம். ஜன்னல் பக்கம் திரும்பினால் சாஞ்சி ஸ்தூபத்தின் மேடு குன்றின் மேல் தெரியும். பார்த்தவர்கள் "அதோ சாஞ்சி" என்பார்கள். அதோடு சரி.

நான் போபாலில் தானியம், பருப்பு வியாபாரம் செய்பவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். நாற்பது வருஷத்துக்கு மேலாக விதிஷா மண்டிக்கும், அதற்கு வடக்கே உள்ள கஞ்ச் பாசோதா மண்டிக்கும் போய் வருகிறேன். ஷர்பதி கோதுமை, கொண்டைக்கடலை, மைசூர் பருப்பு என்று ஏலம் எடுத்து, எடை போட்டு, லாரி ஏற்றி முடிவதற்கு ஒரு பொழுது ஆகிவிடும். அந்த நேரத்தில் ஊரைச் சுற்றிப் பார்த்ததும், கிடைத்த புத்தகங்களைப் படித்ததும்தான் என் படிப்பு. சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது விதிஷாவைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. வெறும் சுற்றுலா இடம் என்பதற்காக அல்ல. வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொடுத்த கொடையால் உண்டான பெருமை இந்த ஊருக்கு உண்டு. நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

ஊரும் ஆறும்

போபாலுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 57 கிலோமீட்டரில் விதிஷா இருக்கிறது. பேத்வா ஆற்றங்கரை. வடமொழியில் வேத்திரவதி என்பது இந்த ஆறுதான். காளிதாசனின் மேகதூதத்தில் மேகம் போகிற வழியில் விதிஷாவும் வருகிறது, வேத்திரவதியும் வருகிறது. இடைக்காலத்தில் ஊருக்குப் பேல்சா, பில்சா என்று பெயர். 1956இல்தான் பழைய பெயரே மறுபடி வைக்கப்பட்டது. பேத்வாவும் பேஸ் என்ற சிற்றாறும் கூடுகிற இடத்தில் பழைய நகரம் இருந்தது; அந்த இடத்தை இன்றைக்கும் பேஸ்நகர் என்கிறார்கள்.

இரண்டு ஆறு கூடுமிடத்தில் ஊர் எழுவது ஆச்சரியமில்லை. ஆனால் இது வழிப்போக்கர் ஊரும்கூட. பாலி மொழியில் உள்ள சுத்தநிபாதத்தில், கோதாவரிக் கரையிலிருந்து புத்தரைப் பார்க்கப் புறப்பட்ட சீடர்கள் போன வழி சொல்லப்படுகிறது. பிரதிஷ்டானம், மாஹிஷ்மதி, உஜ்ஜயினி, விதிஷா, கோசாம்பி என்று அந்த வழி நீளும். தெற்கையும் வடக்கையும் கட்டிய வணிகப் பெருவழி அது. இன்றைக்கு நம் ரயில் போகிற பாதைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை என்று சொல்லத் தோன்றும்.

வழி மட்டும் போதாது, விளைச்சலும் வேண்டும். ஜூலியா ஷா என்ற ஆய்வாளர் சாஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் களஆய்வு செய்து, குன்றுகளுக்கு நடுவே மண்ணும் கல்லும் கொண்டு கட்டிய பழைய ஏரிக்கரைகள் பலவற்றை அடையாளம் கண்டார். ஸ்தூபங்கள் எழுந்த அதே காலத்தை ஒட்டி இந்த ஏரிகளும் எழுந்தன, அன்று இங்கே நெல்கூட விளைந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை. ஏரி நிறைந்தால் களம் நிறையும். களம் நிறைந்தால் கோயில் எழும்.

இவ்வூர் வணிகர் மகள் ஒருத்தியின் பெயர் இலங்கை வரைக்கும் போயிருக்கிறது. அசோகர் இளவரசராக உஜ்ஜயினிக்கு வந்தபோது விதிஷா வணிகர் ஒருவரின் மகளான தேவியை மணந்தார். அவள் பிள்ளைகள்தான் மகிந்தரும் சங்கமித்திரையும் என்று இலங்கையின் பாலி வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மகிந்தர் இலங்கைக்குப் புறப்படும் முன் தாயைப் பார்க்க இங்கே வந்து தங்கினார் என்பதும் அந்த நூல்களின் செய்தியே.

சாஞ்சி: 'தானம்' என்ற சொல்

விதிஷாவிலிருந்து 10 கிலோமீட்டரில் சாஞ்சி. பெரிய ஸ்தூபத்தின் குறுக்களவு 36 மீட்டருக்கு மேல்; உயரம் 16 மீட்டருக்கு மேல். அசோகர் காலத்தில் செங்கல்லால் எழுந்தது, பிறகு கல் போர்த்திப் பெரிதாக்கப்பட்டது. நாலு தோரண வாயில்களும் சாதவாகனர் காலத்தவை. 1818இல் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டது. பிறகு புதையல் ஆசையிலும் ஆராய்ச்சி ஆசையிலும் பலர் தோண்டிச் சிதைத்தார்கள். 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல்தான் அதைச் சீர்செய்து நிறுத்தினார். 1989இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இதெல்லாம் வழிகாட்டி சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது கல்வேலியில் உள்ள எழுத்துக்களை. தூணிலும், குறுக்குச் சட்டத்திலும், தளக்கல்லிலும் சின்னச் சின்னதாக ஒரு வரி எழுத்து வெட்டியிருக்கும். இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கொடையாளியின் பெயர். இன்ன ஊர், இன்ன தொழில், இன்னாருடைய தானம். அவ்வளவுதான். உஜ்ஜயினிக்காரர் பலர், மாஹிஷ்மதிக்காரர், ராஜஸ்தானத்துப் புஷ்கரத்துக்காரர், யவனர் ஒருவர்கூட இருக்கிறார். துறவிகள், துறவுப் பெண்கள், இல்லத்தரசிகள், நெசவாளர், எழுத்தர், சேட்டிகள் என்று எல்லாத் தரப்பும் உண்டு. சேட்டி என்பது பெருவணிகர். வடநாட்டு 'சேட்'டும் நம் 'செட்டி'யும் அந்தச் சொல் வழி வந்தவை என்பார்கள். தெற்கு வாயிலில் விதிஷாவின் யானைத்தந்தக் கைவினைஞர்கள் தாங்களே சிற்பம் செதுக்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. தந்தத்தில் நுணுக்க வேலை செய்த கை கல்லிலும் வேலை செய்தது; அந்த வாயிலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

இந்தச் சின்ன வரிகள் இந்தியா முழுவதற்கும் ஒரு பெரிய உதவி செய்தன. கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் சாஞ்சிக் கல்வெட்டுகளின் படிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிராமி எழுத்தைப் படிக்க அன்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வரியும் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதை அவர் கவனித்தார். கோயிலில் தனித்தனியாக வெட்டிய வரிகள் என்றால் கொடுத்தவர் பெயராகத்தானே இருக்க வேண்டும், அப்படியானால் கடைசிச் சொல் 'தானம்' என்று ஊகித்தார். பூட்டு திறந்துகொண்டது. அசோகர் கல்வெட்டுகள் எல்லாம் அதன் பிறகுதான் படிக்கப்பட்டன. ஆக, இந்த நாட்டின் பழைய எழுத்தைத் திறந்த சாவி அரசனுடைய மெய்க்கீர்த்தி அல்ல. பெயர் தெரியாத நெசவாளியும் வியாபாரியும் கொடுத்த தானம்.

கம்பா பாபா என்கிற யவனன் தூண்

விதிஷா ஊருக்கு வெளியே, பேஸ் ஆற்றைத் தாண்டியதும் ஒரு மேடையில் தனித் தூண் நிற்கிறது. ஊர் ஜனங்கள் 'கம்பா பாபா' என்று கும்பிட்டார்கள். மீனவர்கள் படையல் வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் செந்தூரம் பூசினார்கள். 1877இல் கன்னிங்காம் இந்தத் தூணைப் பார்த்தார். செந்தூரப் பூச்சு அவ்வளவு கனமாக இருந்ததால் உள்ளே எழுத்து இருப்பது அவருக்குத் தெரியவில்லை. 1909இல் பூச்சை எடுத்தபோதுதான் பிராமி எழுத்து வெளியே வந்தது.

படித்தவர்கள் அசந்துபோனார்கள். தட்சசீலத்திலிருந்து வந்த ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கன், அந்தியால்கிடாஸ் என்ற யவன மன்னனின் தூதனாக பாகபத்திரன் என்ற அரசனிடம் வந்தவன், தன்னைப் பாகவதன் என்று சொல்லிக்கொண்டு, வாசுதேவனுக்கு இந்தக் கருடத் தூணை நிறுத்தியிருக்கிறான். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசி. வைணவத்துக்கு நாட்டில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் ஒன்றைத் தந்தவன் ஒரு யவனன்! 1960களில் அகழ்ந்தபோது அருகே அதைவிடப் பழைய கோயில் ஒன்றின் அடித்தளமும் கிடைத்தது.

தூணின் மறுபக்கம், சொர்க்கத்துக்குக் கொண்டு சேர்க்கும் மூன்று படிகள் என்று மூன்று குணங்களைச் சொல்கிறது: தமம், தியாகம், அப்பிரமாதம். அதாவது புலனடக்கம், ஈகை, விழிப்பு. கடைசிச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் நல்ல காபி குடித்தால் 'பிரமாதம்' என்கிறோம். மூலச்சொல்லுக்குப் பொருளோ கவனக்குறைவு, மதிமயக்கம். சமண நூல்களிலும் பிரமாதம் விலக்க வேண்டிய குற்றங்களில் ஒன்று. சைவர், வைணவர், பௌத்தர், சமணர் யார் படித்தாலும் 'நம்முடையது' என்று சொல்லக்கூடிய மூன்று குணம் அந்தத் தூணில் இருக்கிறது.

உதயகிரி

தூணிலிருந்து கொஞ்ச தூரம் போனால் உதயகிரி. உயரம் அதிகமில்லாத மணற்கல் குன்று, பிள்ளைகளும் ஏறிவிடலாம். இருபது குடைவரைகள் உள்ளன. குப்தர் காலம் என்று தேதியோடு சொல்லக்கூடிய இடங்களில் இது முக்கியமானது. ஆறாம் குகையில் குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401-402. ஐந்தாம் குகையில் பாறை முகத்திலேயே பெரிய வராக மூர்த்தி; பூமிதேவியைத் தூக்கி நிற்கிற அந்தக் கம்பீரத்தை நம் மாமல்லபுரத்து வராகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலத்தால் இது முந்தியது.

ஏழாம் குகையைச் சிவனுக்காகக் குடைவித்தவர் சந்திரகுப்தரின் அமைச்சர் வீரசேனர். தாம் பாடலிபுத்திரத்துக்காரர், உலகை வெல்லப் புறப்பட்ட அரசனோடு இங்கே வந்தவர் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். டில்லி குதுப் மினார் பக்கத்தில் நிற்கும் துருப்பிடிக்காத இரும்புத் தூண் ஆதியில் இந்த உதயகிரியில் நின்றது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களில் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்து 2009இல் மறைந்த ஆர். பாலசுப்பிரமணியம். இந்த மாளவப் பகுதி இரும்பு வேலைக்குத் தமிழிலும் சான்று உண்டு. மணிமேகலையில் புகார் மண்டபத்தைக் கட்டிய வெளிநாட்டுக் கைவினைஞரைச் சொல்லும்போது அவந்தி நாட்டுக் கொல்லரும் வருகிறார்கள். உஜ்ஜயினியைத் தலைநகராகக் கொண்ட நாடு அவந்தி.

குன்றின் வடகோடியில் இருபதாம் குகை. இது சமணக் குகை. குப்த ஆண்டு 106, கி.பி. 425-426. படம் விரித்த நாகத்தோடு பார்சுவநாதர் திருவுருவத்தை இங்கே எழுந்தருளச் செய்தவர் சங்கரர் என்ற துறவி. ஆசாரிய கோசர்மரின் மாணவர். தாம் வடதிசை நாட்டில் பிறந்தவர் என்றும், இதனால் வரும் புண்ணியம் வினைப்பகையை அழிக்க ஆகட்டும் என்றும் எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா? தூண் நிறுத்தியவர் தட்சசீலத்துக்காரர். சிவன் குகை குடைந்தவர் பாட்னாக்காரர். பார்சுவநாதரை வைத்தவர் வடநாட்டுக்காரர். மூவரும் தம் ஊரை மறைக்கவும் இல்லை, வந்த ஊருக்குக் கொடுக்கத் தயங்கவும் இல்லை.

வயலில் கிடைத்த மூன்று உருவங்கள்

1969இல் விதிஷாவுக்கு அருகே துர்ஜன்புரா என்ற கிராமத்து வயலில் மூன்று தீர்த்தங்கரர் சிலைகள் கிடைத்தன. பீடத்தில் எழுத்து. மகாராஜாதிராஜ ராமகுப்தன் செய்வித்தது என்று இருந்தது. ராமகுப்தன் என்ற பெயர் அதுவரைக்கும் விசாகதத்தரின் தேவீசந்திரகுப்தம் என்ற நாடகத்தின் சிதறல்களில் இருந்தது. மனைவியைப் பகைவனிடம் ஒப்படைக்கச் சம்மதித்த கோழை அண்ணன் என்பது கதை. இப்படி ஒரு அரசன் உண்டா, கட்டுக்கதையா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 'மகாராஜாதிராஜன்' என்ற பட்டத்தோடு அவனை மெய்யாக நிறுத்தியவை இந்தச் சிலைகள்.

அவனுக்கு இதைச் செய்யச் சொன்ன முனிவர்களின் குருபரம்பரையும் அதில் உண்டு. மூத்த ஆசாரியரைப் 'பாணிபாத்திரிகர்' என்று குறிக்கிறது. கையையே பாத்திரமாகக் கொண்டு உண்பவர் என்று பொருள். எங்கள் வீடுகளில் முனிவர்களுக்கு ஆகாரம் கொடுத்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். நின்றபடியே இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி அவர்கள் ஏற்கும் முறை இன்றைக்கும் மாறவில்லை. ஏறத்தாழ 1,650 வருஷம் முந்திய ஒரு வழக்கத்தை அந்த ஒரு சொல்லில் விதிஷா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அங்கேயே பேஸ் ஆற்றில் கிடைத்த பிரம்மாண்டமான குபேர யட்சனும் நிற்கிறான், கையில் பணப்பையோடு. வியாபாரிகள் ஊருக்குப் பொருத்தமான காவல்தான்! பத்தாம் தீர்த்தங்கரர் சீதளநாதர் பிறந்த ஊர் இதுவே என்பது இவ்வூர்ச் சமணர்களின் நம்பிக்கை.

நம் ஊர்க் குன்றுகளிலும் இதே கணக்கு

இதையெல்லாம் பார்க்கும்போது மதுரைப் பக்கத்துக் குன்றுகள் நினைவுக்கு வராமல் இருக்காது. மாங்குளத்தில் கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கணிநந்தன் என்ற துறவிக்கு அமைத்த கற்படுக்கைகள். கொடுத்தவர்களில் பாண்டியன் நெடுஞ்செழியனின் ஆட்களும் உண்டு, வெள்ளறை நிகமத்தாரும் உண்டு. நிகமம் என்றால் வணிகர் குழு. அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன். புகளூரில் கருவூர்ப் பொன் வணிகன். ஐராவதம் மகாதேவன் இவற்றைத் தெளிவாகப் படித்துத் தந்தார். சாஞ்சி வரிகள் 'தானம்' என்று முடிகின்றன. மாங்குளத்தில் 'தம்மம்' என்று இருக்கிறது. நம் பாட்டிகள் வாயில் இரண்டும் சேர்ந்து 'தானதர்மம்' ஆயிற்று.

படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாஞ்சியிலேயே உதாரணம் இருக்கிறது. தெற்கு வாயில் பக்கத்தில் அசோகர் தூணின் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. மேற்பகுதியை உடைத்து ஒரு ஜமீன்தார் கரும்பு ஆலைக்கு எடுத்துப்போனார் என்று மார்ஷல் எழுதியிருக்கிறார். அந்த ஜமீன்தாருக்கு அது ஒரு நல்ல உருட்டுக்கல். நம் பக்கத்துச் சமணக் குன்றுகளிலும் கல் உடைப்பவர்களுக்குப் பாறை, இளவட்டங்களுக்குப் பெயர் கிறுக்கும் பலகை. எழுத்து இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஒரு ஆள் ஊரில் இருந்தால்கூட அந்தக் கல் பிழைக்கும்.

போய் வருகிறவர்களுக்கு

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சில் வெயில் தொடங்கினாலும், குன்றுச் சரிவெல்லாம் பலாச மரம், நம் ஊரில் புரசு என்பது, இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கும், அதற்காகவே போகலாம். போபாலிலிருந்து காரில் போனால் திவான்கஞ்ச் பக்கம் சாலையில் கடகரேகைக் குறி வரும். பிள்ளைகளை இறக்கி, ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். புவியியல் பாடம் மறக்காது.

காலையில் சாஞ்சி, மதியம் விதிஷா அருங்காட்சியகம், சாயங்காலம் தூணும் உதயகிரியும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும். ஊருக்குள் லோஹாங்கி என்ற தனிப்பாறைக் குன்று ஒன்று. மேலே பழைய தூணின் மணி வடிவத் தலைப்பும் ஒரு சூஃபி பெரியவரின் அடக்கமும் உண்டு. ஊர் முழுக்கத் தெரியும். இன்னொரு நாள் இருந்தால் சாகர் சாலையில் 40 கிலோமீட்டரில் கியாரஸ்பூர். மலைச் சரிவைக் குடைந்தும் கட்டியும் எழுப்பிய மாலாதேவி கோயிலில் தீர்த்தங்கரர் உருவங்களைக் காணலாம். அதன் வாசலிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பது தனி சுகம். கஞ்ச் பாசோதாவுக்கு அப்பால் உதயபூரில் 11ஆம் நூற்றாண்டுப் பரமார மன்னர் உதயாதித்தர் கட்டிய நீலகண்டேசுவரர் கோயில் உண்டு. நடக்கப் பிரியமுள்ளவர்களுக்கு சத்தாரா, சோனாரி, அந்தேர் என்று கூட்டமில்லாத ஸ்தூபக் குன்றுகள். சாரிபுத்தர், மௌத்கல்யாயனர் அஸ்திகள் லண்டன் போய்த் திரும்பி 1952இல் சாஞ்சி விகாரத்தில் வைக்கப்பட்டன. நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி நடக்கும் விழாவில் அவற்றை வெளியே எடுத்துக் காட்டுவார்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வருஷம் ஒரு தடவை பஸ் வைத்துப் பிக்னிக் போகிறோம். அடுத்த முறை சாஞ்சிக்குப் போகலாம். புறப்படும் முன் பிள்ளைகளுக்கு ஒரு காகிதத்தில் 'தா', 'ந' என்ற இரண்டு பிராமி எழுத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவோம். கல்வேலியைச் சுற்றி வந்து, 'தானம்' எத்தனை இடத்தில் இருக்கிறது என்று அவர்களே எண்ணட்டும். "நாம எந்த ஊர்க்காரங்க, தமிழ்நாடா இங்கயா?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்காத நாள் இல்லை. உஜ்ஜயினிக்காரரும் புஷ்கரத்துக்காரரும் பிறந்த ஊரின் பெயரைச் சொல்லி, இருக்கும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுத முடியும் என்பதை அந்தக் கல்லே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.